தலைக்கு மேல் ஒரு சிறிய எண்

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துப் பத்திரிகை வெளியிட்ட காலத்தில், நான் பணியாற்றிய அச்சுக்கூடத்தில் எண்களின் தலைமேல் ஏறி நிற்கும் சிறிய எண்கள் இருக்கவில்லை. எழுத்துப் பெட்டியின் அறைகளில் கிடந்த இலக்கங்கள் எல்லாம் ஒரே உயரம். ஒருமுறை வானியல் பற்றிய கட்டுரையொன்று வந்தது. சூரியன் பூமியிலிருந்து ஏறத்தாழ 1.5×10⁸ கிலோமீற்றர் தொலைவில் இருப்பதாக எழுதியவர், எட்டைப் பத்தின் தோளுக்கு மேல் அழகாக ஏற்றி வைத்திருந்தார். அச்சுக்கோப்பாளர் அதைக் கீழே இறக்கிவிட்டார். ஒப்புநோக்குநரின் கண்ணுக்கும் அது தப்பிற்று. மறுநாட் காலை எங்கள் பத்திரிகையில் சூரியன் 1.5×108 கிலோமீற்றர் தொலைவில் உதித்தது. பெருக்கிப் பார்த்தால் 162 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் புறப்படும் ஒருவர் வவுனியாவைத் தாண்டிய சிறிது நேரத்தில் சூரியனோடு முட்டியிருக்கலாம்.

இதைச் சுட்டிக்காட்டி ஒரு வாசகர் கடிதம்கூட வரவில்லை. ஒரு மந்திரியின் பெயரில் கால் விடுபட்டால் பத்துக் கடிதம் வரும். சூரியனை வன்னிக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது எவரும் அசையவில்லை. அந்தச் சிறிய எண்ணை எங்கள் மக்கள் எழுத்துப் பிழையைப் பார்ப்பதுபோலக்கூடப் பார்ப்பதில்லை என்பது அன்று எனக்குப் புலப்பட்டது. கணினி வந்தபிறகும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. கோப்பிலிருந்து செய்தியை வெட்டி ஒட்டும்போது தலையில் நின்றது தரைக்கு வந்துவிடுகிறது. பத்தின் ஆறாம் வலு நூற்றியாறு ஆகிவிடுகிறது.

ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் எனக்கு, மாலை வேளைகளில் அயலிலுள்ள எட்டாம் ஒன்பதாம் தரப் பிள்ளைகள் சிலருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் வேலை வந்து சேர்ந்தது. நான் கணித ஆசிரியன் அல்லன். செய்தியில் வரும் எண்களை நாற்பது ஆண்டுகளாகச் சந்தேகத்தோடு பார்த்துப் பழகியவன் என்பதே என்னுடைய ஒரே தகைமை. முதல் வாரத்திலேயே பிள்ளைகள் தங்கள் கொப்பியைத் திறந்து 'சுட்டிகள்' என்ற பாடத்தைக் காட்டினார்கள். ரியூசனில் கொடுத்த ஒரு தாளும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஏழு விதிகள். அடி ஒன்றாயின் பெருக்கும்போது சுட்டிகளைக் கூட்டுக, வகுக்கும்போது கழிக்குக, வலுவின் வலுவாயின் சுட்டிகளைப் பெருக்குக, எந்த எண்ணின் பூச்சிய வலுவும் ஒன்று, இப்படியே போகிறது. ஏழையும் அவர்கள் தேவாரம் போலப் பாடமாக்கியிருந்தார்கள். ஒப்பிக்கச் சொன்னபோது ஒரு சொல் பிசகவில்லை.

2³ எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து பேரில் மூவர் ஆறு என்றார்கள்.

தமிழகத்து வாசகர்களுக்காக இங்கே ஒரு சொற்குறிப்பு. அங்கே அடுக்கு, அடிமானம், படி என்று வழங்குவனவற்றை ஈழத்துப் பாடநூல்கள் சுட்டி, அடி, வலு என்று சொல்கின்றன. 2³ என்பதில் இரண்டு அடி, மூன்று சுட்டி, முழுவதும் இரண்டின் மூன்றாம் வலு. 'வலு' என்ற சொல்லோ எங்கள் பேச்சில் வேறு வேலையும் பார்க்கிறது. 'வலு கெட்டிக்காரன்', 'வலு தூரம்' என்கிறோம். பௌதிகத்தில் வாற்றில் அளக்கப்படுவதும் வலுதான். ஒரு பிள்ளை இந்த மூன்று வலுக்களையும் ஒரே மாதத்தில் சந்திக்கிறது. குழம்பாவிட்டால்தான் வியப்பு.

ஆறு என்று சொன்ன பிள்ளைகளை நான் குறைசொல்லமாட்டேன். அவர்களது விடைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மூன்றாம் நான்காம் வகுப்புகளில் 2+2+2 என்பதைச் சுருக்கி எழுதக் கற்றார்கள். அது 2×3 ஆயிற்று. இப்போது 2×2×2 என்பதைச் சுருக்கி எழுதச் சொல்கிறோம். இரண்டும் மூன்றும் மறுபடி பக்கத்தில் வந்து நிற்கின்றன. பழகிய கை பழகியதையே செய்கிறது. போதாததற்கு நாம் பேசும் முறையும் கைகொடுப்பதில்லை. 'இரண்டை மூன்று தரம் பெருக்கு' என்று ஆசிரியர் சொல்கிறார். அதை 2×3 என்றும் கொள்ளலாம். 2×2×2 என்பதை உற்றுப் பார்க்கும் கெட்டிக்காரப் பிள்ளையோ அங்கே பெருக்கற் குறி இரண்டுதானே இருக்கிறது, மூன்று தரம் எங்கே பெருக்கினோம் என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விதித் தாளில் பதில் இல்லை.

அன்று விதிகளை மூடி வைத்துவிட்டு, பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் கீறச் சொன்னேன். சமையலறையிலிருந்து அரிசி வந்தது. சதுரங்கப் பலகையும் அரிசியும் என்ற கதை பலருக்குத் தெரிந்ததே. முதற் கட்டத்தில் ஒரு அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, அடுத்ததில் எட்டு என ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்துத் தருமாறு ஓர் அறிஞர் அரசனிடம் கேட்டாராம். பாரசீக, அரபு உலகில் சொல்லப்பட்ட இக்கதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு கல்லிக்கான் எழுதிவைத்திருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலிலே அந்தக் கடனைத்தான் அரசன் இன்றுவரை பால்பாயசமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்வார்கள்.

கதையைச் சொல்லி 2⁶⁴ என்று முடித்துவிடுவது வழக்கம். பிள்ளைகளைக் கையால் எண்ணவிடுவதில் வேறொரு பயன் உண்டு. பத்தாம் கட்டத்துக்கு 512 அரிசி. அதுவரை சிரித்துக்கொண்டு எண்ணினார்கள். பதினொராம் கட்டத்தில் 1024 என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எண்ணுவதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கினோம். ஒரு சுண்டு அரிசியில் ஏறத்தாழ எட்டாயிரம் மணி இருக்கும் என்று சிறிதளவை எண்ணி மதிப்பிட்டுக்கொண்டோம். பதினான்காம் கட்டத்துக்கு 8192. அதாவது ஒரு சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து என்பது எங்கள் ஊர் அளவை. ஆகவே பதினாறாம் கட்டத்துக்கு ஒரு கொத்து அரிசி. வீட்டிலிருந்த அரிசி வாளி பத்தொன்பதாம் கட்டத்திலேயே கையை விரித்துவிட்டது. இன்னும் 45 கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன.

மிகுதியைக் கணக்கால் நடத்தினோம். முழுப் பலகைக்கும் வேண்டிய அரிசி 18,446,744,073,709,551,615 மணிகள். ஒரு மணி 25 மில்லிகிராம் என்று வைத்தால் 46,000 கோடி தொன்னுக்கு மேல். இன்று உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி ஏறக்குறைய 50 கோடி தொன். 900 ஆண்டுகால விளைச்சலை அந்த அரசன் ஒரு மாலைப்பொழுதில் வாக்களித்துவிட்டான்.

ஆனால் அன்றைய வகுப்பின் உண்மையான பொழுது இந்தப் பெரிய எண்ணில் வரவில்லை. ஒற்றை அரிசியில் வந்தது.

கட்டங்களுக்குள் வலுக்களை எழுதிக்கொண்டு போனோம். இரண்டாம் கட்டம் 2¹, மூன்றாம் கட்டம் 2², நான்காவது 2³. அப்போது ஒன்பதாம் தரத்திலுள்ள ஒரு சிறுமி முதற் கட்டத்தைக் காட்டி, இதற்குள் என்ன எழுதுவது என்று கேட்டாள். ஒழுங்கின்படி 2⁰ என்று வரும் என மற்றவர்கள் சொன்னார்கள். அவள் விடவில்லை.

"ஐயா, ரெண்டை ஒருக்காலும் பெருக்கேல்லையெண்டால் சைபர்தானே வரவேணும்? ரீச்சர் ஒண்டு எண்டு எழுதச் சொன்னவ. ஏனெண்டு கேட்டதுக்கு, அது விதி, அப்பிடியே எழுதெண்டு சொல்லிப்போட்டா."

"முதல் கட்டத்தில எத்தினை அரிசி கிடக்குது, பிள்ளை?"

"ஒண்டு."

"அதை வைக்கேக்க எத்தினை தரம் இரட்டிச்சனி?"

"இன்னும் இரட்டிக்கத் தொடங்கேல்லை ஐயா. அது முதலே கிடந்தது."

சொல்லிவிட்டுச் சற்று நேரம் அந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதுவும் பேசாமல் 2⁰ என்று எழுதினாள்.

சுட்டிப் பாடத்தில் சொல்லப்படாமல் விடப்படுவது இந்த 'முதலே கிடந்தது' என்பதுதான். இரண்டை மூன்று தரம் பெருக்கு என்பதைவிட, ஒன்றை வைத்துக்கொண்டு அதை மூன்று தரம் இரட்டி என்று சொல்லிப் பாருங்கள். 1×2×2×2. இப்போது பெருக்கற் குறிகளும் மூன்று, விடை எட்டு, ஆறுக்கு அங்கே வேலையே இல்லை. பூச்சிய தரம் இரட்டித்தால் ஒன்று ஒன்றாகவே கிடக்கும். ஐந்தின் பூச்சிய வலு ஏன் ஒன்று, நூறின் பூச்சிய வலு ஏன் அதே ஒன்று என்பதற்கும் வேறு விளக்கம் தேவையில்லை. கூட்டலில் எதுவும் கூட்டாத நிலை பூச்சியம்; பெருக்கலில் எதுவும் பெருக்காத நிலை ஒன்று. ஆசிரியர்களுக்கு இது தெரியாததல்ல. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில், பரீட்சைக்கு முந்திய வாரத்தில் 'அது விதி' என்பதே குறுகிய வழியாகிவிடுகிறது. ஆனால் அந்தக் குறுகிய வழியில் ஒரு பிள்ளை தன்னுடைய நியாயமான கேள்வியை விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. அப்படி இரண்டு மூன்று கேள்விகளை விட்டுவிட்ட பிள்ளைதான் 'எனக்குக் கணிதம் ஓடாது' என்று பதினாறு வயதில் சொல்கிறது.

கூட இருந்த பையன் ஒருவன், அப்படியானால் பூச்சியத்தின் பூச்சிய வலு என்ன என்று கேட்டான். இவனும் பத்திரிகைக்கு வரவேண்டியவன். பாடநூல் அடி பூச்சியமாகாது என்று நிபந்தனை போட்டு அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. உயர்கணிதத்தில் சில இடங்களில் அதை ஒன்று என வைத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் வரையறுக்காமல் விடுகிறார்கள். அப்படியே அவனிடம் சொன்னேன். பெரியவர்களும் ஒரு முடிவுக்கு வராத கேள்வியைத் தான் கேட்டுவிட்டதில் அவனுக்கு அன்று முழுவதும் பெருமை.

அடுத்தது மறைச் சுட்டி. 2⁻³ என்றால் எட்டில் ஒரு பங்கு. மறை எண் என்றதும் விடையும் மறையாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். −8 என்று எழுதுவார்கள். இன்னும் சிலர் −6. பலகையில் முன்னோக்கிப் போனால் இரட்டிக்கிறது. பின்னோக்கி வந்தால் பாதியாகிறது. எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. முதற் கட்டத்தையும் தாண்டிப் பின்னே ஓரடி வைத்தால் அரை. அதற்கும் பின்னே கால்.

இந்த இடத்தில் நம் மொழி பிள்ளைகளுக்கு முன்னே போய் நிற்கிறது. அரை, கால், அரைக்கால், வீசம். ஒன்றின் பாதி அரை. அரையின் பாதி கால். காலின் பாதி அரைக்கால், எட்டில் ஒன்று. அதன் பாதி வீசம், பதினாறில் ஒன்று. மாகாணி என்றும் சொல்வர். இவை 2⁻¹, 2⁻², 2⁻³, 2⁻⁴ என்பவற்றின் தமிழ்ப் பெயர்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த சிறுவன் மறைச் சுட்டி என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தப் படிகளில் தினமும் இறங்கி ஏறினான். என் தலைமுறையினருக்கு இறாத்தல் நினைவிருக்கும். இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல், அரைக்கால் இறாத்தல், அதற்குக் கீழே ஓர் அவுன்சு. பதினாறு அவுன்சு ஓர் இறாத்தல். கடைக்காரரின் தராசுப் படிகள் வரிசையாக நின்று இரண்டின் வலுக்களைக் காட்டிக்கொண்டிருந்தன. கிலோகிராம் வந்து அவற்றை அப்புறப்படுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. அரைக்கால் என்ற சொல் வழக்கொழிந்துபோவதில்தான் சிறு வருத்தம். காலின் அரை என்று தன் பிறப்பைத் தானே சொல்லும் சொல் அது.

இந்த இறங்குபடியை ஐரோப்பியரும் எளிதில் கண்டுவிடவில்லை. 1484 இல் பிரான்சில் நிக்கொலா சூக்கே என்பவர் பூச்சியத்தையும் மறை எண்களையும் சுட்டிகளாக எழுதினார். அந்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1544 இல் ஜெர்மனியின் மிக்காயேல் ஸ்டீபெல் சுட்டிக்கு ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் பெயரைத் தந்தார். எண்ணைத் தலைக்கு மேல் ஏற்றி எழுதும் இன்றைய முறையைப் பரப்பியது டெக்கார்ட் 1637 இல் வெளியிட்ட வடிவகணித நூல். அவரும் வர்க்கத்துக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே எழுத்தை இருமுறை எழுதுவதையே விரும்பினார். நானூறு ஆண்டுகள்கூட ஆகாத குறியீடு இது. அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தடுமாறிய இடத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு பாடவேளையில் கடக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

விதிகளைப் பிறகு எடுத்தோம். 2³×2⁴ என்பதை விரித்து எழுதினால் மூன்று இரண்டும் நாலு இரண்டுமாக ஏழு இரண்டு. சுட்டியைக் கூட்டு என்று யாரும் சொல்லவேண்டியதில்லை; எண்ணினாலே தெரிகிறது. தொல்லை 2³+2⁴ என்று வரும்போதுதான். ஏழு விதிகளையும் பாடமாக்கிய பிள்ளைகள் அதற்கும் 2⁷ என்றே எழுதினார்கள். விதியில் 'கூட்டுக' என்ற சொல் இருக்கிறது, கணக்கிலும் கூட்டற் குறி இருக்கிறது, சேர்த்துவிட்டார்கள். எட்டும் பதினாறும் இருபத்துநாலு. 2⁷ என்பதோ 128. விடையைச் சிறிய எண்ணால் ஒருதரம் உரசிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துவதற்கே எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. செய்தி ஆசிரியர் ஒருவர் புதிதாகச் சேர்ந்த நிருபருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான்: கூட்டத்துக்கு ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள் என்று எழுதுமுன் அந்த மைதானத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று பார்.

பத்தின் வலுக்களுக்குப் பழைய பத்திரிகைகளையே பாடநூலாக்கினேன். எங்கள் மூத்தோர் இலட்சம், கோடி என்று எண்ணினார்கள். ஆயிரத்துக்குப் பிறகு சுட்டி இரண்டிரண்டாக ஏறும். 10³, 10⁵, 10⁷. ஆங்கில வழியில் மூன்று மூன்றாக ஏறும். மில்லியன் 10⁶, பில்லியன் 10⁹. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் கோடியிலிருந்து மில்லியனுக்கு மாறிய காலத்தில் ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தன. வாசகர் பூச்சியங்களுக்கிடையே வழிதவறினார். மில்லியனுக்கும் பில்லியனுக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு என்பதுபோலவே பலர் வாசிக்கிறார்கள்.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. 51 பில்லியன் டொலர் என்று அப்போது செய்திகள் கூறின. அந்தத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, நாட்டில் 22 மில்லியன் மக்கள் என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். பூச்சியங்களை எழுதி வகுக்கத் தொடங்கியவர்கள் பாதிவழியில் தொலைந்தார்கள். விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் எழுதியவர்கள் 5.1×10¹⁰ ஐ 2.2×10⁷ ஆல் வகுத்தார்கள். பத்தில் ஏழைக் கழித்தால் மூன்று. முன்னால் நிற்கும் எண் ஏறத்தாழ 2.3. ஆளுக்கு 2,300 டொலர். அன்று பெற்றோல் வரிசையில் தந்தையோடு நின்று களைத்த பிள்ளைகள் அவர்கள். தங்கள் பெயரிலும் அவ்வளவு தொகை இருக்கிறதா என்று கேட்டார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையையும் சேர்த்துத்தான் வகுத்தோம் என்றேன்.

சில கிழமைகள் கழித்து, வளர்ச்சி என்ற பகுதிக்கு வந்தோம். அடி இரண்டாக இருக்கவேண்டியதில்லை, 1.05 ஆகவும் இருக்கலாம், அதாவது ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு ஐந்து கூடுகிறது என்று சொன்னேன். 1.05⁰ எவ்வளவு என்று கேட்டேன். முதற் கட்டத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே சிறுமி உடனே பதில் சொன்னாள்.

"ஒண்டு ஐயா. காசு வாங்கின அண்டைக்கு."

வகுப்பு முடிந்தபிறகு அவள் போகாமல் நின்றாள். அவளுடைய தாயார் ஒருவரிடம் 50,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி. கட்டத் தவறினால் அந்த வட்டி முதலோடு சேரும் என்பது பேச்சு. எட்டு மாதம் கட்ட முடியவில்லை. மாதம் 2,500 வீதம் எட்டு மாதத்துக்கு 20,000. ஆகவே 70,000 கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று தாயார் கணக்கு வைத்திருந்தார். கடன் கொடுத்தவரோ 73,900 கேட்கிறார். அந்த 3,900 ரூபாயை அவர் கள்ளக்கணக்கில் ஏற்றிவிட்டார் என்று வீட்டில் ஒரே சண்டை. தொகைகளை இங்கே எழுதுவதற்குத் தாயாரின் சம்மதம் பெற்றிருக்கிறேன்.

வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின்னர் இத்தகைய கடன்கள் எத்தனை வீடுகளைத் தின்றன என்பது செய்தியாளர் எவரும் அறிந்த விடயம். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. பதிவேடு எதிலும் இல்லாத கைமாற்றுக் கடன்களுக்கு அந்த நிவாரணமும் எட்டாது.

சிறுமியிடம் கணக்கைச் செய்து பார்க்கச் சொன்னேன். கணிப்பானைத் தேடினாள். வேண்டாம், எட்டாம் வலுவுக்கு மூன்று பெருக்கல் போதும் என்றேன். விளங்கிக்கொள்ள அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது. பிறகு பென்சில் ஓடத் தொடங்கியது. 1.05 இன் வர்க்கம் 1.1025. அதன் வர்க்கம் நான்காம் வலு, ஏறத்தாழ 1.2155. அதன் வர்க்கம் எட்டாம் வலு, ஏறத்தாழ 1.4775. வலுவின் வலுவாயின் சுட்டிகளைப் பெருக்குக என்ற விதியை அவள் அன்றுதான் வேலை வாங்கினாள். ஐம்பதாயிரத்தால் பெருக்கினாள். தசமங்களைச் சுருக்காமல் செய்தால் 73,873 ரூபாய் வரும்.

கடன்காரர் இருபத்தேழு ரூபாயை மட்டுமே உருட்டிச் சேர்த்திருந்தார். அவர் கணக்கில் களவு இல்லை. 3,900 ரூபாய் வந்த வழி, வட்டி குட்டி போட்ட வழி. இதைக் கண்டபோது அவளுக்கு ஆறுதல் வரவில்லை, மாறாகப் பயந்துவிட்டாள். ஏமாற்றியிருந்தால் சண்டைபிடித்து வாங்கியிருக்கலாம். ஒப்புக்கொண்ட பேச்சே இதுவென்றால் யாரோடு சண்டைபிடிப்பது?

அதே தாளில் கீழே தொடர்ந்தாள். எட்டாம் வலுவையும் நான்காம் வலுவையும் பெருக்கினால் பன்னிரண்டாம் வலு. ஓராண்டில் 89,793 ரூபாய். மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபதுதானே என்று தாயார் நினைத்திருந்தார். அது ஏறக்குறைய எண்பதாக இருந்தது. பன்னிரண்டாம் வலுவின் வர்க்கம் இருபத்துநாலாம் வலு. இரண்டாண்டில் 161,255 ரூபாய். எப்போது இரட்டிக்கும் என்று அவளாகவே தேடினாள். பதினான்காம் மாதத்தில் 98,997. பதினைந்தாம் மாதத்தில் ஓர் இலட்சத்தைத் தாண்டுகிறது. அந்த வரியின்கீழ் இரண்டு கோடு கீறினாள்.

தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றிரவு தாயாருக்கு அவள் எப்படி விளங்கப்படுத்தினாள் என்பது எனக்குத் தெரியாது. அரிசியும் கலண்டர் மட்டையும் மறுபடி வெளியே வந்ததாகக் கேள்வி.

ஐந்து நாட்களின் பின்னர் தாயார் என்னைத் தேடி வந்தார். கழுத்தில் கிடந்த சங்கிலியை வங்கியில் அடகு வைத்து, ஒன்பதாம் மாத வட்டி ஏறுமுன் அந்தக் கடனை முழுவதும் தீர்த்துவிட்டதாகச் சொன்னார். வங்கி வட்டியும் வட்டிதான். ஆனால் அதன் அடி சிறியது. பற்றுச்சீட்டை நீட்டி, அதில் எழுதியிருக்கும் ஆண்டு வட்டி வீதத்தின்படி மாதம் எவ்வளவு வரும் என்று கேட்டார். பன்னிரண்டால் வகுத்துப் பார்க்கலாமா என்று நான் தொடங்கியபோது, வாசலில் நின்ற மகள் இடைமறித்தாள்.

"கட்டாமல் விட்டால் அதுவும் முதலோட சேருமோ எண்டு முதல்ல கேளுங்கோ அம்மா. சேருமெண்டால் பன்னிரண்டால பிரிச்சுச் சரிவராது."